கொட்டகையில் உறங்கவோ பழைய மகிழுந்து?

மொழியில் பழையவை விலகுவதற்கும் புதியவை நுழைவதற்கும் நன்னூலார் வழிவகுத்துச் சென்றார். அவர் வகுத்தது சொல்லுக்கு உரிய விதி. பொருள்களுக்கும் அதனையே விதியாக்கிக்கொண்டு, ஆண்டு பல கடந்த எதனையும் ஒன்று குப்பைக்கு அனுப்புவது, அன்றேல் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டுவது என்னும் இரண்டே வழிகளை நம் காலம் அறிந்துவைத்திருக்கிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது, பழைய பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே நாள்தோறும் பயன்படுத்துவது. இவ்வழியைப் பற்றி, தமிழ்த்துறை மலருக்குச் சற்றே அயலானதாகத் தோன்றக்கூடிய ஒரு பொருளை முன்வைத்துச் சில சொல்ல விழைகின்றோம். அப்பொருள், ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் பழைய விரைவு மகிழுந்து.

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் தொடங்கி ஓராண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில் உறவினர் இல்லத்தில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அண்டை வீட்டார் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வந்தது 1971ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஜி.டி. என்னும் மகிழுந்தில். ஞாயிறுதோறும் துடைத்துவைத்து, கோடையில் ஒருமுறை கண்காட்சிக்கு ஓட்டிச் செல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. மழையிலும் பனியிலும் அவருக்கு அதுவே ஊர்தி. வேறு மகிழுந்து அவரிடம் இல்லை. முதலில் நாம் இதனை வறுமை என்று எண்ணினோம். பிறகு ஆடம்பரம் என்று எண்ணினோம். இரண்டும் பிழை என்று உணர நமக்குச் சில திங்கள் பிடித்தது.

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகள். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிசுக்கு உரிமையாக இருந்த விற்பனை நிலையம் அது. அதன் மேலாளர் செசில் கிம்பர் சாதாரண மாரிஸ் வண்டிகளுக்கு அழகிய உடல் பூட்டி விற்கத் தொடங்கியதில் பிறந்ததே இந்த மரபு. 1929இல் தொழிற்சாலை அருகிலுள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. வகை வண்டிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1980 அக்டோபரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று நம் நாட்டுச் சாலைகளில் அதே இரண்டு எழுத்துகளைத் தாங்கி ஓடும் புதிய வண்டிகளுக்கும் ஆபிங்டனுக்கும் பெயரளவில்தான் உறவு.

ஐந்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இவ்வண்டி அரசர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் செய்யப்பட்டது அன்று. எழுத்தர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் தவணை கட்டி வாங்கி, வேலைக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டிச் செல்வதற்கென்றே செய்யப்பட்டது. எனவே அதனை நாள்தோறும் ஓட்டுவது விந்தை என்று கூறுவோர், அது பிறந்த கதையை அறியாதவர்கள். அதனைக் கொட்டகையில் பூட்டிவைப்பதுதான் பிற்காலத்தில் வந்த விந்தை.

நமக்கும் இவ்வண்டிக்கும் ஓர் உறவு உண்டு என்பதை அறிந்தபோது நாம் பெருவியப்பு எய்தினோம். நம் நாட்டில் தலைமுறைகள் பல ஏறிச் சென்ற அம்பாசடர் மகிழுந்தில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். பி வரிசை என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். எம்.ஜி.பி.க்கு முன்னோடியான எம்.ஜி.ஏ. 1955இல் வெளிவந்தபோது அதில் இருந்ததும் 1489 சிசி எஞ்சினே. திருமண வீட்டு வாசலிலும் அரசு அலுவலக வாசலிலும் நின்ற நம் அம்பாசடரின் உடன்பிறப்பு, ஆங்கிலேய இளைஞனின் விரைவு வேட்கைக்குத் தீனி போட்டிருக்கிறது. அம்பாசடர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த நம் ஊர் மெக்கானிக் ஒருவரை ஆக்ஸ்போர்டுக்கு அழைத்துச் சென்றால், மொழி தெரியாவிட்டாலும் அந்த வண்டி அவருக்குப் புரியும்.

காலையில் அந்த வண்டி புறப்படும் முறையே ஒரு பாடம். சாவியைத் திருப்பியதும் பின்புறத்தில் பெட்ரோல் பம்பு கடிகாரம்போல் ஒலிக்கத் தொடங்கும். இரண்டு கார்புரேட்டர்களின் கிண்ணங்களும் நிரம்பியதும் ஒலி தானே அடங்கும். அது அடங்காமல் நீண்டுகொண்டே போனால் எங்கோ கசிவு உண்டு என்று பொருள். பிறகு சோக்கை இழுத்து எஞ்சினை எழுப்பி, சூடேறச் சூடேறச் சிறிது சிறிதாக அதனை உள்ளே தள்ள வேண்டும். நம் அண்டை வீட்டார் நாள்தோறும் அந்தப் பம்பின் ஒலியைச் செவிமடுத்தார். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுபவருக்கு அந்த ஒலியில் நேர்ந்த மாறுதல் எவ்வாறு தெரியும்? நாள்தோறும் பழகுவோரே நோயை முதலில் அறிவர். இது வண்டிக்கும் பொருந்தும்.

நிற்பதால் பொருள் காக்கப்படுகிறது என்பது பரவலான நம்பிக்கை. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்து இறுக்கிவிடும். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் கெட்டுப் பிசின்போல் படியும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். பேட்டரி செத்துப்போகும், பழைய எம்.ஜி.பி.க்களில் இருக்கைக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன என்பதால் சாவும் இரண்டு. எஞ்சின் முழுச்சூடு அடையும்படி ஓட்டினால்தான் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பூட்டிவைத்த வண்டி வெளித்தோற்றத்தில் மணமகன், உள்ளே நோயாளி.

இவ்வளவு கூறிய நாம் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நடுநிலை இன்றேல் கருத்துரைக்கு மதிப்பில்லை.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்பு தூவுவர். அவ்வுப்பு எம்.ஜி.பி.க்கு நஞ்சு. இவ்வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. அதனுள் உப்புநீர் புகுந்தால் வெளிப்பூச்சு பளபளக்க, உள்ளே இரும்பு அரித்துப்போகும். நம் அண்டை வீட்டார் ஆண்டுதோறும் மெழுகு கலந்த எண்ணெயை அதனுள் பீய்ச்சி வந்தார். உப்பு தூவிய நாள்களில் மட்டும் பேருந்தில் சென்றார். அந்த அளவுக்கு 'நாள்தோறும்' என்பதில் ஒரு விலக்கு உண்டு. எனினும் வண்டி அரித்தே போனாலும் வழியுண்டு. 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.க்குப் புத்தம் புதிய உடற்கூடுகள் செய்து விற்கப்படுகின்றன. பதினைந்தாண்டு மட்டுமே ஆன சில வண்டிகளுக்குக் கிடைக்காத உதிரிப் பாகங்களும் ஐம்பதாண்டு கடந்த இவ்வண்டிக்குக் கிடைக்கின்றன. நாள்தோறும் ஓட்டுவோர் இருப்பதால்தான் பாகங்கள் தேய்கின்றன. தேய்வதால்தான் செய்வோரும் இருக்கின்றனர். எல்லாரும் பூட்டிவைத்துவிட்டால் அந்தப் பட்டறைகள் எதனை உண்டு வாழும்?

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு பொது விற்பனையிலிருந்து நீங்கியபோது, வால்வு அமரும் இடங்களைக் கடினமான உலோகத்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே பொதுவழக்கானது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்றுவிடும். அவர் குழாய்களை மாற்றினார். விலை கூடிய, எத்தனால் குறைந்த பெட்ரோலையே ஊற்றினார். லிட்டருக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் என்பதையும் கருதினால் இது சிக்கன வழி அன்று. சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, முன்சக்கர மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்தாக வேண்டும். சோம்பேறிகளுக்கும் இது ஏற்றதன்று.

இவையெல்லாம் பணத்தாலும் உழைப்பாலும் தீர்வன. உயிரைப் பற்றிய வினா அவ்வாறு தீர்வதன்று. ஒரு நவம்பர் மாலை நாமும் அவ்வண்டியில் அமர்ந்திருந்தோம். மழை. முன்னே சென்ற லாரி திடீரென நின்றது. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், காலின் வலிமையைத் தவிர வேறு துணையில்லாத பிரேக். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி இல்லை, காற்றுப்பை இல்லை. லாரியின் பின்பலகைக்கும் நமக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது வண்டி நின்றது. வீடு சேரும்வரை இருவரும் பேசவில்லை. அந்த வாரமே அவருடைய மகள், பின்னிருக்கையில் வார்ப்பட்டையற்ற அவ்வண்டியில் பேரக்குழந்தைகளை இனி ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். அவர் வருந்தினார். ஆயினும் மகள் கூறியது சரி என்றே நாம் எண்ணினோம். அவரிடம் அதனைக் கூறவும் செய்தோம்.

அவர் வண்டியை விற்கவில்லை. பிரேக்குக்கு விசை கூட்டும் கருவியைப் பொருத்தினார். முன்விளக்குகளின் ஒளியைப் பெருக்கினார். இருக்கை வார்களைப் புதிதாக மாற்றினார். பழமைப் பற்றாளர் சிலர், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்று அவரைக் குறை கூறினராம். நம் முடிவு வேறு. நிறுத்துவது, வழி காட்டுவது, உடலைப் பிணிப்பது ஆகிய மூன்றிலும் பழமையைக் காப்பது அறிவுடைமை அன்று. எஞ்சினின் குரலும் உடலின் வடிவும் பழமையாக இருக்கட்டும். குழந்தைகளை மட்டும் ஏற்ற வேண்டா.

புகையைப் பற்றிக் கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. நச்சுவாயுவை வடிக்கும் கருவி எதுவும் அவ்வண்டியில் இல்லை. நகரத்தார் அனைவரும் இத்தகைய வண்டிகளில் ஏறிவிட்டால் மூச்சுவிட முடியாது. இலண்டன் மாநகரம் முழுவதற்கும் 2023 ஆகஸ்டில் புகைக் கட்டுப்பாட்டு வரி விரிவாக்கப்பட்டபோது, நாற்பது ஆண்டு கடந்து வரலாற்று வண்டியாகப் பதிவு பெற்றவற்றுக்கு விலக்கு அளித்தனர். எண்ணிக்கை குறைவு என்பதால் அதனை ஏற்கலாம். பெருகினால் ஏற்கலாகாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம்.

இனி நம் நாட்டு நிலை. 2021இல் நடுவண் அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றிக் காக்கப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு வகுத்தது. பதிவெண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இருக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய வண்டிகளுக்கு அரசு ஓர் ஏற்பு அளித்தது போற்றத்தக்கதே. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆய்வுக்கும் பழுதுநீக்கத்துக்கும் எரிபொருளுக்கும் மட்டுமே வெளியே வரலாம். அதாவது, ஆவணம் உண்டு, நடமாட்டம் இல்லை. பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வரியும் இல்லை. 2018 மே முதல், பெருமாற்றம் செய்யப்படாதவற்றுக்கு ஆண்டுச் சோதனைக் கட்டாயமும் இல்லை. வேலைக்கு ஓட்டிச் செல்லத் தடையும் இல்லை.

பிரிட்டனின் தளர்வும் நமக்கு முழு உடன்பாடன்று. ஐம்பதாண்டு வண்டிக்குத்தான் சோதனை முதலில் தேவை. நம் அண்டை வீட்டாரே விலக்கைப் பயன்படுத்தாமல் ஆண்டுதோறும் தாமே பணம் கட்டிச் சோதனைக்கு விட்டு வந்தார். நம் விதியின் கண்டிப்போ வேறுபக்கம் சாய்ந்தது. ஓடாத வண்டியைப் பழுதுநீக்க யார் கற்பர்? 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அந்த எஞ்சினின் வால்வு இடைவெளியைத் தகட்டளவி இல்லாமலே விரலால் உணர்ந்து சரிசெய்த கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சில உள்ளன. அவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்ற பையன்கள் இன்று கணிப்பொறியில் பிழையெண் பார்த்துப் பெட்டியை மாற்றும் வேலைக்குப் போய்விட்டனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஊதியம் அங்கேதான் இருக்கிறது.

வி.ஏ. பதிவுடைய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக்கும் விளக்கும் புகையும் சோதித்துச் சான்று அளிக்கட்டும். சான்று பெற்றவர், மாசு மிகுந்த மாநகர மையங்களைத் தவிர்த்து, தம் அலுவலுக்கும் வீட்டுக்கும் ஓட்டிச் செல்ல விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். சான்று தவறிய வண்டி கொட்டகைக்குத் திரும்பட்டும். நாம் கேட்பது இவ்வளவே.

சென்ற ஆண்டு அண்டை வீட்டாரிடமிருந்து ஒரு மடல் வந்தது. பணி ஓய்வு பெற்றுவிட்டாராம். பள்ளிக்குச் செல்லும் வேலை இல்லாததால், வண்டி நின்றுவிடக் கூடாதே என்று நாள்தோறும் காலையில் ரொட்டி வாங்க அடுத்த ஊர்க் கடைக்குப் போய் வருகிறாராம். தம் தெருவிலேயே ரொட்டிக்கடை இருப்பதை அவர் மடலில் குறிப்பிடவில்லை. நாம் அங்கே தங்கியிருந்தபோது அதில்தான் ரொட்டி வாங்கினோம்.