ஐ7-னு சொன்னா எத்தனாவது ஐ7-னு கேளுங்க பாஸ்!

உங்க வீட்டுலயும் இந்தக் கூத்து நடந்திருக்கும். "நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... வீட்டுக்கு நல்ல லேப்டாப்பா ஒண்ணு பார்த்துச் சொல்லு!" அப்படீன்னு ஒரு பொறுப்பைத் தூக்கி நம்ம தலையில கட்டிடுவாங்க. நாம படிக்கிறது மெக்கானிக்கல், லேப்டாப்புக்கும் நமக்கும் உள்ள உறவு படம் பார்க்கிறதோட சரிங்கிற ரகசியத்தை எப்படி உடைக்கிறது? கெத்தா தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஆனா மேட்டர் சீரியஸ். அம்மா மாசம் ரெண்டாயிரம்னு 20 மாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம், 40 ஆயிரம். ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி, மகளிர் குழு கணக்கு பார்க்கிற அம்மா, ஞாயித்துக்கிழமையானா எம்.ஜி.ஆர். படம் கேக்கிற அப்பா, ஆட்டோகேட்ல கோடு போடுற நான்... நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லேப்டாப். இதுல சொதப்பினேன்னா, அடுத்த சீட்டு முடியற வரைக்கும் தட்டுல சோறு விழும்போதெல்லாம் கூடவே ஒரு பேச்சும் விழும். அதனால மூணு வாரம் திண்டிவனம், விழுப்புரம்னு கடை கடையா ஏறி இறங்கினேன். அந்த அனுபவத்தைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட கொட்டப் போறேன்.

அதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பெரிசை அறிமுகப்படுத்தணும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல 2013-ல அக்காவுக்குக் கிடைச்ச மெஷின். மூடியில ஜெயலலிதா படம். 14 இன்ச் ஸ்கிரீன், 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ். (சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ் அது. ஒருநாள் தெரியாம அதுக்குள்ள போயிட்டு, 'ஐயோ வைரஸ்!'னு அக்கா அழுதது தனிக் கதை!) இன்னிக்குப் பார்த்தா சிரிப்பு வர்ற கான்ஃபிகரேஷன்தான். 2026 ஜனவரியில அரசு காலேஜ் பசங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்ல 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்கு.

ஆனா அந்தப் பெரிசு 12 வருஷத்துக்கு மேல ஓடிச்சு மக்கா! எப்படி? ரெண்டு தடவை பேட்டரி போச்சு. பின்னாடி லாக்கைத் தள்ளினா பேட்டரி கையோட வந்துடும், புதுசு மாட்டினோம். ரேமை 4 ஜி.பி. ஆக்கினோம். ஹார்டு டிஸ்க் 'கடக் கடக்'னு சத்தம் போட ஆரம்பிச்சப்போ அதைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். எல்லாமே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சர்வீஸ் அண்ணன், ஒரு ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். அவ்ளோதான் செலவான டெக்னாலஜி.

கடைக்குப் போகும்போது நான் மனசுல வெச்சுக்கிட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். திங்கக்கிழமை காலையில இது படுத்துக்கிச்சுன்னா யாரு பிரிப்பாங்க, எங்க பிரிப்பாங்க?

முதல் கடையில ஆரம்பிச்சுது காமெடி. "அண்ணே, சர்வீஸ் சென்டர் எங்க இருக்கு?" "இந்தியா முழுக்க இருக்கு தம்பி!" "அந்த இந்தியாவுல திண்டிவனம் வருதாண்ணே?" மனுஷன் டீ குடிக்கக் கிளம்பிட்டார்.

சிரிக்காதீங்க, இதுதான் மெயின் மேட்டர். திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரி மூணும் ஒரு முக்கோணம். எந்தப் பக்கம் போனாலும் சுமாரா 40 கிலோமீட்டர். சென்னைன்னா திண்டிவனத்துலேர்ந்தே 120 கிலோமீட்டர். 'கேரி-இன்' வாரன்ட்டின்னா நீங்கதான் சென்டருக்குத் தூக்கிட்டுப் போகணும். கொடுக்க ஒரு ட்ரிப், வாங்க ஒரு ட்ரிப், 'பார்ட் வரல தம்பி'க்கு ஒரு ட்ரிப். 'ஆன்-சைட்' வாரன்ட்டின்னா ஆள் வீட்டுக்கே வருவார். அதுலயும் ஒரு பொடி எழுத்து உண்டு, எல்லா பின்கோடுக்கும் வர மாட்டாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் போட்டு உங்க பின்கோடைச் சொல்லிக் கேளுங்க. மூணு கம்பெனிக்கு நான் கேட்டேன். ஒண்ணு 'வருவோம்', ஒண்ணு 'பாண்டிச்சேரிக்கு வாங்க', மூணாவது லைன்ல 12 நிமிஷம் மியூசிக்கு. அதுவும் ஒரு பதில்தானே!

இப்போ ஏமாந்த கதைக்கு வருவோம். என் க்ளாஸ்மேட் ஒருத்தன், செஞ்சி பக்கத்து கிராமம். 2025 ஆகஸ்ட்ல மல்லாட்டை வித்த காசுல 18 ஆயிரம் கொடுத்து அவங்கப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். கடை பேரு வேண்டாம். "ஐ7 தம்பி! புதுசு எடுத்தா 80 ஆயிரம்!"னு பில்டப். பையன் காலேஜுக்குக் கொண்டுவந்தப்போ நாங்கல்லாம் பொறாமையில வெந்தோம். ஆட்டோகேட் திறந்தா ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துது. ப்ளக்கைப் புடுங்கினா 25 நிமிஷம். கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தா ஐ7-4600யூ. அந்த 4-தான் தலைமுறை. நாலாவது ஜெனரேஷன், 2013-ல வந்த சிப். அதுல கோர் ரெண்டே ரெண்டு. 2022-ல வந்த ஐ3-1215யூ-ல ஆறு கோர். அதாவது பேரன் ஐ3 தாத்தா ஐ7-ஐ ஒரே கையால தூக்கிப் போட்டுடுவான்!

அதோட முடிஞ்சா பரவாயில்லை. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 வேணும்னா டி.பி.எம். 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்துதான் ஏத்துக்கும். நம்மாளு மெஷின் நாலு. வாங்கி ரெண்டே மாசத்துல பாதுகாப்பு அப்டேட் அம்பேல். ஸ்காலர்ஷிப் ஃபார்ம், பேங்க் விஷயம் எல்லாம் அதுலதான் பண்றான். அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலை. "நல்லா ஓடுதாப்பா?"னு அவர் போன்ல கேக்கும்போதெல்லாம், "சூப்பரா ஓடுதுப்பா"னு இவன் சொல்றதைப் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்.

இதுல இன்னொரு டகால்டியும் நடக்குது. சில கடையில செக்கிங்கைத் தாண்டிக் குதிச்சுப் பழைய மெஷின்லயே விண்டோஸ் 11-ஐப் போட்டுக் கொடுக்கிறாங்க. திறந்தா அழகா 11 தெரியும். ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தராது. அதனால ஸ்கிரீனைப் பார்க்காதீங்க, சிப் நம்பரைப் பாருங்க. ஐ5-8250-ன்னா எட்டு. ஐ5-1235-ன்னா பன்னிரண்டு. ஏ.எம்.டி. ரைசன்ல வேற கணக்கு. 7320யூ-ன்னு இருந்தா ஏழாயிரம்னு வாயைப் பிளக்காதீங்க, மூணாவது இலக்கத்தைப் பாருங்க. 2-ன்னா உள்ளே இருக்கிறது 'ஸென் 2'ங்கிற பழைய டிசைன். 7330-ன்னா ஸென் 3. நம்பர் போடறவங்களுக்கே இதுல மண்டை காயும்னு நினைக்கிறேன்.

செகண்ட் ஹேண்டே வேணாம்னு நான் சொல்லலை. ஆபீஸ்கள்ல ஓடின பிசினஸ் மாடல்கள் சில நல்லாவே இருக்கும். 2018-ல வந்த திங்க்பேட் டி480 மாதிரி ஒண்ணு: எட்டாவது ஜெனரேஷன், ரேம் போட ரெண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழட்டி மாட்ட இன்னொரு பேட்டரி. இந்த மாதிரி மெஷினுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா பார்ட்ஸும் கிடைக்கும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரரை 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்க, விண்டோஸ்லயே அந்த வசதி இருக்கு. டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர் வரும். ரெண்டாவது முதலாவதுல பாதிகூட இல்லைன்னா, புது பேட்டரி காசை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க. அவர் ரிப்போர்ட் எடுக்கவே தயங்கினா, எடுத்துடுங்க ஜூட்!

புதுசு வாங்கறவங்களுக்கு வர்ற ஆப்பு ரேம். மெல்லிசா, ஸ்டைலா இருக்கிற பல மாடல்ல ரேமை மதர்போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணிடறாங்க. வாங்கின 8 ஜி.பி.-தான் ஆயுசு முழுக்க. 'இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கா?'ன்னு கேளுங்க. கடையில தெரியலைன்னா கம்பெனி வெப்சைட்ல மாடல் நம்பர் போட்டாத் தெரிஞ்சுடும். 2025 கடைசியிலேர்ந்து மெமரி சிப் விலை எகிறிக் கிடக்குறதால 16 ஜி.பி. மாடலுக்கு நம்ம பட்ஜெட் தாங்காது. 8-ம் ஒரு காலி ஸ்லாட்டும் இருந்தா, விலை இறங்கும்போது பார்த்துக்கலாம். அப்புறம் இ.எம்.எம்.சி.-ன்னு ஒரு சமாச்சாரத்தை ஸ்டோரேஜ்னு சொல்லி விப்பாங்க, செல்போன்லயும் மெமரி கார்டுலயும் வர்ற ரகம். வீட்டுல நாலு பேர் புழங்குற லேப்டாப்புக்கு அது வேணாம். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. கேளுங்க, அப்பாவோட எம்.ஜி.ஆரும் உள்ளே உட்காரணும்ல!

ஹிஞ்ச் விஷயத்துல மட்டும் நான் அதாரிட்டி, மெக்கானிக்கல் ஆச்சே! டெமோ பீஸை ஒரு மூலையைப் பிடிச்சுத் திறந்து பாருங்க. ஸ்கிரீன் அப்பளம் மாதிரி வளைஞ்சா வீட்டுக்கு ஆகாது. ஒரே மூலையைப் பிடிச்சுத் திறக்கிற தம்பி எல்லார் வீட்டுலயும் உண்டு.

இன்னொண்ணு, நம்ம வீட்டு கரண்ட். சார்ஜர் 100 வோல்ட்லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கும். ஆனா மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் கன்வர்ட்டர்ல சொருகினா எர்த் இல்லாம போயிடும். மெட்டல் பாடியில கை வெச்சா சுர்ருனு இருக்குதுன்னா லேப்டாப்பைத் திட்டாதீங்க, சுவத்துல இருக்கிற ப்ளக் பாயின்ட்டை எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எந்நேரமும் சார்ஜ்லயே கிடக்கிற மெஷினா இருந்தா 80 சதவிகிதத்தோட சார்ஜை நிறுத்துற செட்டிங் பல கம்பெனிகள்ல இருக்கு, போட்டு விடுங்க. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும். மெத்தை மேல வெச்சா அடியில காத்துப் போற வழி அடைபடும், இதைத் தம்பிக்கு இன்னும் புரிய வைக்க முடியலை.

மழையைச் சொல்லாம நம்ம ஜில்லாக் கதை முடியுமா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ, 24 மணி நேரத்துல மயிலத்துல மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்து சீனியர் ஒருத்தர் வீட்டுல தண்ணி ஏறிடுச்சு, லேப்டாப் கட்டிலுக்கு அடியில. தண்ணி வடிஞ்சதும் பதட்டத்துல ஆன் பண்ணிப் பார்த்துட்டார். மதர்போர்டு அவுட். நனைஞ்ச மெஷினை ஆன் பண்ணவே கூடாதுங்க. பேட்டரியை எடுத்துட்டு அப்படியே சர்வீஸுக்குத்தான் தூக்கணும். அவர் நல்ல நேரம், ஸ்டோரேஜ் தனியாக் கழட்டற மாதிரி இருந்துச்சு. அதைக் காயவெச்சு வேற மெஷின்ல மாட்டி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையும் அவங்க பாட்டியோட கடைசி போட்டோக்களையும் மீட்டாங்க. போர்டோட சேர்த்து ஒட்டின ரகமா இருந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்.

சரி, நீ என்னதான் வாங்கினேன்னு கேக்கறீங்களா? பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன், ஒரே பிராண்ட்லயே 30 ஆயிரம் மாடலும் லட்ச ரூபா மாடலும் வேற வேற பொருள். பதிமூணாவது ஜெனரேஷன் ஐ3, 8 ஜி.பி. ரேம், காலி ஸ்லாட் ஒண்ணு, 512 எஸ்.எஸ்.டி., எங்க பின்கோடுக்கு ஆன்-சைட் வாரன்ட்டி. பார்க்கக் கொஞ்சம் தடிமன்தான். கலரும் மொக்கை. "இதைவிட ஸ்லிம்மா சில்வர்ல ஒண்ணு இருந்துச்சே!"னு தம்பி மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். கடையிலேயே சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரன்ட்டி தேதி பில் தேதியோட ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுத்தான் பணத்தை எண்ணினேன். ஜி.எஸ்.டி. பில் அம்மா பேர்ல. பீரோவுல நகை பெட்டிக்குப் பக்கத்துல இருக்கு.

பெரிசும் இன்னும் ரிட்டயர் ஆகலை. லேசான லினக்ஸ் ஒண்ணைப் போட்டு, அம்மா டைப்பிங் பழகிட்டிருக்காங்க. அரசு கொடுத்த அந்தப் பையை மட்டும் அப்பா சந்தைக்கு எடுத்துட்டுப் போயிட்டார். போன வாரம் அதுல ரெண்டு கிலோ மல்லாட்டை வந்துச்சு.