'பாஸ்' என்னும் சொல்

ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சில் கலந்த சொற்களுள், 'பாஸ்' என்பதைப்போல் நம்மவரின் அண்மைச் சரித்திரத்தைத் தன்னுள் அடக்கிய சொல் பிறிதொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

பரீட்சையில் தேறிய பிள்ளையின் ஆனந்தத்தையும், மைதானத்தில் தோழனுக்குப் பந்தைக் கொடுக்கும் லாவகத்தையும் குறித்த அச்சொல்லே, இலங்கையின் யுத்த காலத்தில், விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியை விட்டு வெளியேற அவர்களிடமும், யாழ்ப்பாணத்துச் சாட்டியை அடுத்த தீவகக் கடலில் தொழில்செய்யக் கடற்படையிடமும் பெறவேண்டிய அனுமதிச் சீட்டுக்கும் நாமமாயிற்று.

பாட்டனும் தந்தையும் சுயேச்சையாய் வலைவீசிய கடலுக்குச் செல்ல ஒருவன் பிறரிடம் உத்தரவு கேட்டு நிற்பது நீதியன்று. ஆதலின், 2009இல் யுத்தம் முடிந்தபின் பிறந்த சிறார்க்கு, 'பாஸ்' என்பதன் அந்த அர்த்தத்தையும் பெரியோர் விளக்கிச் சொல்லவேண்டும். அவ்வாறு உத்தரவு கேட்டு நிற்கும் நிலையை அவர்கள் தம் வாழ்வில் அநுபவிக்க நேராதபடி காப்பதோ அரசின் தலையாய கடமையாகும்.