ஒற்றை வரித் திருத்தமும் ஏழு மணி நேரமும்

2014 அக்டோபர் 15, இந்திய நேரப்படி இரவு 9.30 மணி. உலகெங்கும் இணையதளங்களை நிர்வகிக்கப் பயன்படும் ட்ரூபல் மென்பொருளின் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ட்ரூபல் 7இல் மிகக் கடுமையான ஓட்டை இருக்கிறது, உடனே 7.32 பதிப்புக்கு மாறுங்கள் என்றது அது. இரண்டு வாரம் கழித்து அதே குழு சொன்னதுதான் பேரிடி: அந்த அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத ட்ரூபல் 7 தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதுங்கள்.

ஏழு மணி நேரம் என்றால் நமக்கு விடியற்காலை 4.30. இங்கே தளம் வைத்திருந்த கல்லூரியோ, அறக்கட்டளையோ, சிறு வணிகரோ காலையில் எழுந்து மின்னஞ்சலைத் திறப்பதற்குள் கெடு முடிந்திருந்தது. இரவில் தூங்கியதை அலட்சியம் என்று சொல்ல முடியுமா?

அந்த ஓட்டை 7.0 பதிப்பு வெளியான 2011 முதலே இருந்தது. பயனர் படிவத்தில் அனுப்பும் மதிப்புகளோடு வரும் குறியீட்டுப் பெயர்களைச் சோதிக்காமல், அப்படியே தரவுத்தளக் கட்டளைக்குள் மென்பொருள் சேர்த்துவிட்டது. அந்தப் பெயருக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால் போதும்; கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். வந்த பெயர்களைத் தள்ளிவிட்டு 0, 1, 2 என்று மென்பொருளே எண்ணிட்டுக்கொள்ளும்படி ஒரே ஒரு வரியை மாற்றியதுதான் தீர்வு.

ஆனால், அந்த ஒரு வரிதான் திருடனுக்கும் வழிகாட்டியது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இப்படி ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் வெளியாகும் நொடியிலேயே பூட்டுபவருக்கும் உடைப்பவருக்கும் பந்தயம் தொடங்கிவிடுகிறது. அன்று சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

இந்தப் பந்தயத்தில் தனித்தனித் தள உரிமையாளர்களை ஓடவிடுவது அநியாயம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து வாடகை வாங்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள்தான் ஓட வேண்டும். இரவும் பகலும் கண்காணிக்கும் ஆட்களும், சர்வர் மட்டத்திலேயே தடுக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான் உள்ளன. ஒரு தளத்தில் நுழைந்தவன் அதே சர்வரில் உள்ள மற்றவற்றையும் தொட முடியும் என்பதால், அண்டை வீட்டாரைக் காக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு.

அவசரமாக அப்டேட் செய்தால் வாடிக்கையாளரின் தளம் முடங்கிப்போகும் என்ற அவர்களின் பயம் நியாயமானதே. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் ஃபயர்வால் விதியால் அந்தத் தாக்குதலை மட்டும் தடுக்கலாம். பேக்கப் எடுத்து, நகலில் சோதித்துவிட்டுப் பேட்ச் போடலாம். பயத்தைக் காரணம் காட்டிக் கதவைத் திறந்துவைக்கக் கூடாது.

பேட்ச் போட்டதோடு வேலை முடிவதுமில்லை. 2014இல் சில ஹேக்கர்கள் உள்ளே நுழைந்ததும் தாங்களே பேட்சைப் போட்டுவிட்டார்கள், வேறு எந்த ஹேக்கரும் வரக் கூடாது என்பதற்காக! நாம் செய்யாமலே ஓட்டை அடைபட்டிருந்தால் அதுவே ஆபத்தின் அறிகுறி என்று ட்ரூபல் குழு எச்சரித்தது. உள்ளே வந்தவன் பின்கதவு வைத்திருப்பான். பூட்டை மாற்றினாலும் வந்துபோவான். அதனால்தான், அக்டோபர் 15க்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டெடுக்கச் சொன்னார்கள். அப்படியொரு பேக்கப் இல்லாதவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ட்ரூபல் குழு பாடம் கற்றது. 2018 மார்ச்சில் இதே அளவு கடுமையான இன்னொரு ஓட்டை தெரியவந்தபோது, விவரத்தை வெளியிடாமல், 28ஆம் தேதி இந்த நேரத்தில் பேட்ச் வரும், தயாராக இருங்கள் என்று ஒரு வாரம் முன்பே சொன்னது. நிர்வாகிகள் விழித்திருக்க அவகாசம் கிடைத்தது.

ஹோஸ்டிங் வாங்கும்போது இடம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். ஆபத்தான ஓட்டை அறிவிக்கப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் அடைப்பீர்கள்? பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? ஊடுருவல் நடந்தால் எங்களிடம் சொல்வீர்களா? இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்துபூர்வமான பதில் இருக்க வேண்டும். நாம் தூங்கும் அந்த ஏழு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம்.