ஆட்சேபம் உண்டா?

சமீபத்தில் தில்லியில் நண்பர் மகளின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். பதிவு அலுவலகம். பெண் தமிழ் இந்து, பையன் மலையாளக் கிறிஸ்தவன். வராந்தாவில் ஒரு பலகை. அடுத்து மணக்கப்போகும் ஜோடிகளின் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் ஒட்டியிருந்தது.

நம் கல்யாண மண்டபங்களில் ஆட்சேபத்துக்கு இடமே இல்லை. தாலி கட்டும் நேரத்தில் ஒரு தும்மல்கூடக் காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்கு நேர் எதிர். முப்பது நாள் பலகையில் ஒட்டி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஊரையே கேட்கிறது. வயது போதவில்லை, முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள் போன்ற காரணங்கள்தான் செல்லும். சாதியும் மதமும் செல்லாது. ஆனால் பலகையைப் படிக்கும் பெரியப்பாவுக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. முகவரி தெரிந்தால் போதும்.

இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் காத்திருப்பு கிடையாது. ஜாதகம் பார்த்து நிதானமாக வருகிறவர்களுக்கு உடனே கல்யாணம். வீட்டுக்குப் பயந்து ஓடி வருகிறவர்களுக்கு முப்பது நாள்! ஜோடி எழுதிக் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. சட்டப் புத்தகத்தில் வாசகம் இன்னும் மாறவில்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஓர் அழகும் இருக்கிறது. அதிகாரி, மூன்று சாட்சிகள் முன்னால், இருவருக்கும் புரிகிற மொழியில், 'உங்களைக் கணவராக ஏற்கிறேன்', 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கல்யாணம் செல்லும். அந்தப் பெண் தமிழில் சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். சாஸ்திரிகள் சொன்னதைப் புரியாமலேயே திருப்பிச் சொன்னேன். மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: "அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என்னை ஏத்துக்கறியா?"

காப்பியை ஆற்றியபடியே பதில் வந்தது: "இருபத்தேழு வருஷம் கழிச்சாவது கேட்டீங்களே. யோசிச்சுச் சொல்றேன். முப்பது நாள் டைம் உண்டுதானே?"