தேறலைத் தொலைத்த நாக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, அடையாற்றில் நண்பர் ஒருவர் வீட்டில் ஆறு பேர் கூடியிருந்தோம். மாதம் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பேசும் சிறிய கூட்டம் எங்களுடையது. அன்று பேச்சு முடிந்ததும், வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த நண்பர் இரண்டு புட்டிகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் மெக்சிகோவின் டெக்கீலா. இரண்டும் ‘ரெபொசாடோ’ வகை. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ‘ஓய்வெடுத்தது’ என்று பொருள். காய்ச்சி வடித்த மதுவை ஓக் மரப் பீப்பாயில் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல், ஓராண்டை எட்டாமல் கிடத்தி எடுத்தால் அந்தப் பெயர் கிடைக்கும். ஓராண்டைத் தாண்டினால் ‘அன்யெஹோ’. பீப்பாய்க்கே போகாதது ‘பிளாங்கோ’.

புட்டியைத் திறந்த ஐந்து நிமிடத்தில் எங்களுக்குள் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. ஒருவர் உப்பும் எலுமிச்சையும் தேடிச் சமையலறைக்குள் போனார். இன்னொருவர் கைப்பேசியைத் திறந்து யாரோ எழுதிய ஆங்கிலக் குறிப்பை வாசித்தார்: வெனிலா, பட்டர்ஸ்காட்ச், வெண்மிளகு. மூன்றாமவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இலக்கியம் பேச வந்த இடத்தில் இதென்ன கூத்து என்றார்.

கூட்டத்தில் மூத்தவர் மயிலாப்பூர்க்காரர். எழுபதைத் தாண்டியவர். மதுவோடு அவருக்குள்ள பரிச்சயம் மிகக் குறைவு. கண்ணாடிக் குவளையில் ஒரு விரற்கடை ஊற்றி வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் ஆறவிட்டு, மூக்கருகே கொண்டுபோனார். “சக்கரவள்ளிக் கிழங்கைத் தணல்ல சுட்டா வருமே, அந்த வாசனைப்பா. அடியில கருப்பட்டி. மேல புதுப் பலகை நெடி. அந்தப் பலகைதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். இரண்டாவது புட்டியைச் சுவைத்துவிட்டு, “இது பாயசம்” என்று சொல்லிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டார்.

அன்று அங்கே நிகழ்ந்த ஒரே விமர்சனம் இதுதான் என்பது என் கட்சி. மற்ற மூவரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில், மூத்தவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பார்த்துவிடுவோம். டெக்கீலா நீலக் கற்றாழையிலிருந்து வருவது. ஆறேழு ஆண்டுகள் வளர்ந்த செடியின் மடல்களைச் சீவியெறிந்துவிட்டு, பெரிய அன்னாசிப்பழம்போல் தோன்றும் நடுப்பகுதியை வேகவைக்கிறார்கள். பழைய முறையில் செங்கல் அடுப்பில் ஆவியிலே நாள்கணக்கில் வேகும். அதிலுள்ள இனுலின் என்னும் பொருள் சிதைந்து சர்க்கரையாக மாறும். சுட்ட கிழங்கின் மணம் அங்கிருந்து வருகிறது. வெனிலா மணம் கற்றாழைக்கு உரியதன்று. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து அதைத் தருகிறது. ஆகவே ஒரு ரெபொசாடோவை மதிப்பிடுகிறவன் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி ஒன்றுதான்: மரம் செடிக்குத் துணை நிற்கிறதா, செடியை விழுங்கிவிட்டதா? முதல் புட்டியில் செடி மிச்சமிருந்தது. நாக்கின் நடுவில் கிழங்கின் இனிப்பும், ஓரங்களில் மிளகின் உறைப்பும், விழுங்கிய பிறகு மெல்லிய துவர்ப்பும் இருந்தன. இரண்டாவதில் செடியே இல்லை. மெக்சிகோவின் விதிகள் நிறத்துக்கும் வழவழப்புக்குமாக நூற்றுக்கு ஒரு பங்குவரை கேரமல், கிளிசரின், ஓக் சாறு, சர்க்கரைப் பாகு ஆகியவற்றைச் சேர்க்க அனுமதிக்கின்றன. அந்த அளவுக்குள் இருந்தால் புட்டியில் குறிப்பிடவும் வேண்டியதில்லை. இரண்டாவது புட்டியில் அது நடந்திருக்கிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ‘பாயசம்’ என்ற ஒற்றைச் சொல் என் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

உப்பு எலுமிச்சைக் கட்சியோடு நீண்ட விவாதம் தேவையில்லை. மட்டமான சரக்கின் கமறலை மறைக்க வேண்டுமானால் அந்தச் சடங்கு உதவும். ஓராண்டுக்கு நெருக்கமாகப் பீப்பாயில் கிடந்ததை நாக்கிலே படாமல் தொண்டைக்கு அனுப்புவதற்கு மெக்சிகோவிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. உள்ளூரிலேயே வழியுண்டு.

கைப்பேசிக் கட்சியோடுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் அது படித்தவர்களின் கட்சி. பட்டர்ஸ்காட்ச் என்பதை ஐஸ்கிரீம் கடையில் மட்டுமே அறிந்த நாக்கு, மதுவில் அதைக் ‘கண்டுபிடிப்பது’ எப்படி? கண்டுபிடிக்கவில்லை, ஒப்பிக்கிறது. மேலைநாட்டு விமர்சனச் சொற்களை எடுத்துத் தமிழ்க் கவிதையின்மேல் ஒட்டிவிட்டு ஆய்வு என்று பெயரிடும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். இதுவும் அதே நோய்தான். படைப்பைத் தொடாமலே தீர்ப்பு வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த நகரத்துக்கு நாக்கு இல்லாமலில்லை. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ காப்பிக்கொட்டை அரைக்கும் கடை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். பிளாண்டேஷன் இத்தனை பங்கு, பீபெரி இத்தனை பங்கு, சிக்கரி பதினைந்தா இருபதா என்று மளிகைச் சீட்டைவிடக் கறாராகப் பேசுவார்கள். முதல் டிகாக்‌ஷனுக்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மூத்தவரின் நாக்கு அங்கே பயின்றதுதான். அந்தக் காப்பியும் ஒரு காலத்தில் குடும்பத்தைக் கெடுக்க வந்த பானம் என்று ஏசப்பட்டதுதான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ 2000இல் வெளிவந்த நூல். ஏச்சுக்குரிய பொருள் ஒன்று பண்பாட்டுப் பெருமிதமாக மாறிய கதையை அதில் படிக்கலாம்.

மதுவுக்கு அந்தப் பேறு வாய்க்காததற்குக் காரணம் மூன்றாவது கட்சி. அதன் வரலாறு மரியாதைக்குரியது என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் மாநில அரசு விலக்கைத் தளர்த்தியபோது, தொண்ணூறு கடந்த ராஜாஜி கோபாலபுரம் சென்று முதலமைச்சரிடம் வேண்டாமென்று மன்றாடினார். குடியால் அழிந்த குடும்பங்களை நேரில் கண்டவர்கள் இவர்கள். இவர்களை எள்ளும் தகுதி எனக்கில்லை.

ஆனால் இவர்களோடு சேர்ந்து நம் உரைநடைக்கு ஒன்று நேர்ந்தது. மதுவைப் பற்றிப் பேச நவீனத் தமிழுக்கு இரண்டு குரல்களே மிஞ்சின. ஒன்று பிரசங்கம், மற்றொன்று கேலி. திரைப்படக் குடிகாரன் தள்ளாடுவான் அல்லது திருந்துவான். அவன் குடித்தது எதிலிருந்து வந்தது, நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இதே மொழி ஒருகாலத்தில் எப்படிப் பேசியது? கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல் என்று சங்கப் பாடல்களில் வரும் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தெளிந்தது தேறல். அரித்தெடுத்தது அரியல். பிழிந்தது பிழி. வீட்டில் நெல்லைக் கொண்டு ஆக்கியது தோப்பி. செய்முறையே பெயராக நிற்கிறது. ரெபொசாடோவும் அன்யெஹோவும் செய்வது இதைத்தான். மரத்தில் முதிரவைப்பதும் நமக்குப் புதிதன்று. மூங்கில் குழாயில் நெடுநாள் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் பேசுகின்றன. இதில் முன்னது முருகன்மேல் பாடப்பட்டது. சைவர்கள் திருமுறைக்குள் வைத்துப் பாராயணம் செய்வது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலையில், கொஞ்சமே கள் இருந்தால் அதை அவன் தனக்கே கொடுத்துவிடுவான் என்பதுதான் அவள் நினைவுக்கு முதலில் வருகிறது. நட்பின் அளவுகோலாக ஒரு குவளை மது நிற்கும் இடம் அது.

பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஆசாரமான சைவர். அவர் ஒரு தேறலையும் வெட்டவில்லை. ஒழுக்கத்துக்கும் அறிவுக்கும் இடையே குழப்பம் இல்லாத மனிதர் அவர். அவர் பெயரில் அமைந்த நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. நாங்கள் கூடியிருந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

‘கள்ளுண்ணாமை’ அதிகாரம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. குடிக்க வேண்டும் என்று யாரையும் நான் சொல்லவில்லை. குடிக்காமல் இருப்பது ஒரு தேர்வு. அறியாமல் இருப்பது தேர்வு அன்று.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2023-24இல் அதன்மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அங்கே விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் பெரும்பகுதிக்கு அடிப்படை, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த நிறமற்ற சாராயம். அதில் நிறமும் மணமும் சேர்க்கப்படுகின்றன. எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது, இருந்ததா என்றே வாங்குபவன் கேட்பதில்லை. கேட்கச் சொற்கள் இல்லை. கேட்டால் சிரிப்பார்கள். இன்னொரு முனையில், 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மனிதர்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர். மெத்தனாலை நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். அந்த ஏழைகள் ரசனை இல்லாததால் சாகவில்லை, வறுமையால் செத்தார்கள். ஆனால் குடிப்பவனுக்குத் தான் குடிப்பது என்ன என்று அறியும் உரிமை உண்டு என்ற எண்ணமே ஒரு சமூகத்தில் இல்லாதபோது, அரசுக் கடையில் எதையும் விற்கலாம், ஆற்றோரத்தில் எதையும் காய்ச்சலாம். பாவி என்று முத்திரை குத்தப்பட்டவனுக்குத் தரம் கேட்கும் வாய் எங்கிருந்து வரும்?

கற்றாழை நமக்கும் அந்நியச் செடியன்று. ரயில் பாதையோரம் வேலியாக நின்றதால் நம் மக்கள் அதன் ஒரு வகையை ரயில் கற்றாழை என்றே அழைத்தார்கள். தக்காணத்துக் கற்றாழையிலிருந்து மது வடிக்கலாம் என்று கண்டு, சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள சித்தூர் மாவட்டத்தில் வடிசாலை அமைத்தார் டெஸ்மண்ட் நாசரேத். அதற்கு டெக்கீலா என்று பெயரிட முடியாது. 1974 முதல் அந்தப் பெயர் மெக்சிகோவின் குறிப்பிட்ட வட்டாரங்களுக்கு மட்டுமே உரியது. தன் செடியை அந்நாடு அப்படிக் காத்துக்கொள்கிறது. நம் மாநில மரம் பனை. 1987 முதல் அதிலிருந்து கள் இறக்குவது இங்கே குற்றம்.

அன்றிரவு மூத்தவரை வண்டியில் மயிலாப்பூரில் விடப் போனேன். குளக்கரை அருகே இறங்கும்போது கேட்டார்: “எங்கேயோ மெக்சிகோவுல வளர்ற செடி, அதுக்கு வாசனை சொல்லிட்டேன். நம்ம பனங்கள்ளுக்கு என்ன வாசனைப்பா? எழுபத்து மூணு வயசாச்சு, எனக்குத் தெரியாதே.”

என்னிடம் பதில் இல்லை. இதைப் படிக்கும் நண்பர்களில் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பிரசங்கமும் வேண்டாம், கேலியும் வேண்டாம். என்ன மணம், என்ன சுவை என்று மட்டும், நல்ல தமிழில்.