பெட்டி எடுத்துப் போனவர்கள்

தமிழ்த் திரைப்படங்களில் கலியாணம் முடிந்ததும் மணப்பெண் அழுவாள். பிறந்த வீட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பின்னணியில் நாதஸ்வரம் ஒலிக்கும். சிறு வயதில் அக்காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஐயம் எழும். இவள் ஏன் வீட்டை விட்டுப் போகிறாள்? போக வேண்டியவன் மாப்பிள்ளை அல்லவா?

எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பெண்கள் நால்வர், ஆண்கள் நால்வர். அக்காமாரோ தங்கச்சியோ கலியாணத்தன்று வீட்டைப் பிரிந்து அழுததாக எனக்கு நினைவில்லை. அம்மா விம்மி அழுததை ஒரே ஒரு முறை கண்டேன். அது 1993 இல், அண்ணன் ஒரு பழைய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு காரைதீவில் இருந்த தன் மனைவி வீட்டுக்குப் புறப்பட்ட நாள். அண்ணனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்தப் பெட்டி அவன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அதற்குள் நான்கு சாரம், நான்கு சட்டை, ஒரு சவரப் பெட்டி. பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் அவனோடு வெளியேறிய சொத்து அவ்வளவுதான். மிகுதி யாவும் அக்காமாரின் சுவர்களாகவும் கூரைகளாகவும் எங்கள் வளவுக்குள் நின்றன.

கிழக்கிலங்கையை அறியாத வாசகர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவிலை ஒட்டிக் கடலோரமாக இருக்கிறது தம்பிலுவில். கண்ணகியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நீளும் இக்கரையில் குடிவழி தாய்வழியாகவே கணிக்கப்படும். தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கலியாணமானவன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணமுடிப்பார்கள். அந்த வீட்டின் உறுதி அவள் பெயரில் இருக்கும். தமிழரிடையே மட்டுமன்று, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடையேயும் இதே வழமைதான். மார்க்கப்படி மாப்பிள்ளை மஹர் கொடுப்பார். ஆனால் குடியேறுவது பெண்வீட்டார் கட்டிய வீட்டில்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல பத்தாண்டுகள் அக்கரைப்பற்றில் ஆய்வு நடத்தி 2008 இல் வெளியிட்ட பெருநூலில் இவ்விரு சமூகங்களின் குடிமுறையையும் அருகருகே வைத்து எழுதியிருக்கிறார்.

மூத்தக்காவின் கலியாணம் 1978 ஆவணியில் நடந்தது. எனக்கு எட்டு வயது. தென்னங்குருத்துத் தோரணமும் கமுகும் வாழையும் கட்டிய பந்தல், பெண்களின் குரவை, பின் வளவில் கிடாரங்களில் கொதித்த சோறு எல்லாம் கண்ணுக்குள் நிற்கின்றன. அப்பாவுடன் வயல் செய்த அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்களுக்கென்று வேறாகக் கிடாரமும் சாமான்களும் கொடுத்து, அவர்களே சமைத்துக்கொள்ள ஒழுங்கு செய்திருந்தார்கள். அவரும் அப்பாவும் பந்தலின் மூலையில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஐந்து பெண் பிள்ளைகள். இருவருக்குமே பேச ஒரே விடயம்தான் இருந்திருக்கும் என்பது எனக்குப் பின்னாளிலேயே விளங்கியது.

மறுநாள் நாங்கள் வீடு மாறினோம். நாங்கள் பிறந்த ஓட்டு வீடு அக்காவுக்கும் மச்சானுக்கும் உரியதாகிவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளைகள் ஏழு பேர் ஆக ஒன்பது பேர் பின் வளவில் கிடுகால் வேய்ந்த குடிலுக்குப் போனோம். ஐம்பது அடி தூரந்தான். ஆனாலும் முன் விறாந்தையில் ஏற நான் அன்றைக்கு மச்சானின் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் வரை நான் குதித்து விளையாடிய விறாந்தை அது. மூன்று மாதம் கழிந்து நவம்பர் 23 இல் சூறாவளி அடித்தது. கிடுகுக் குடில் பறந்தது. ஓட்டு வீட்டிலும் பாதி ஓடு போயிற்று. எஞ்சிய பாதிக்கூரையின் கீழ் எல்லோரும் மீண்டும் ஒன்றாகப் படுத்தோம். அம்மா அக்காவிடம், "உன்ர ஊட்டுல ரெண்டு நாளைக்கு இருக்கம் புள்ள" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தன் தாய் தனக்குக் கொடுத்த வீட்டில் தங்கத் தன் மகளிடம் அவ்வாறு கேட்டார் அம்மா. கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இளையக்காவுக்கு வளவின் வடக்கு மூலையில் வீடு எழும்பியது. 1981 இல் அண்ணன் சவூதிக்குப் போனதே அதற்காகத்தான். அவன் அனுப்பிய ஒவ்வொரு காசோலையையும் அம்மா கற்களாகவே எண்ணினார். 1984 இல் அவளது கலியாணம் பெரும் ஆரவாரமின்றி முடிந்தது.

சின்னக்காவின் கலியாணம் வேறு கதை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் எங்கள் பகுதி அகதிகளால் நிரம்பியிருந்தது. வீரமுனையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் திருக்கோவில் பக்கம் தஞ்சமடைந்திருந்தார்கள். மாப்பிள்ளைமார் அருகிவிட்ட காலம். இளைஞர்களில் பலர் இறந்துபோனார்கள், பலர் காணாமல் போனார்கள், மற்றவர்கள் கடல் கடந்தார்கள். எஞ்சியவர்களுக்கு விலை ஏறியது. வீட்டுக்கு மேல் காசும் கேட்கத் தொடங்கினார்கள். 1991 இல் இருபது பேர் முன்னிலையில், பொழுது சாயுமுன், சின்னக்காவுக்குத் தாலி ஏறியது. குரவையைக்கூட அடக்கித்தான் இட்டார்கள். அக்கரைப்பற்றுக் காக்கா வரவில்லை, வர முடியாது. அழைப்பு அனுப்ப வேண்டுமா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார், பின்னர் அனுப்பவில்லை. சின்னக்காவுக்குக் கொடுத்தது கடற்கரைப் பக்கமாக வாங்கிய சிறு துண்டு நிலமும் அதில் அண்ணனின் கடைசிச் சேமிப்பில் எழுந்த இரண்டு அறைகளும்.

பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றுப் பத்திரிகைக்குள் நுழைந்த நான், 1996 இல் சீதனத்துக்கு எதிராகக் காரசாரமான கட்டுரை ஒன்றை எழுதினேன். அண்ணனை மனத்தில் வைத்தே எழுதினேன். அப்பா அதனை வாசித்துவிட்டு, தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தார். "எழுது மனே, நல்லா எழுது. ஆனா ஊடு பொம்புளப்புள்ளட பேரில இருக்கிறத மட்டும் பிழையெண்டு எழுதாத." எனக்குக் கோபம் வந்தது. பழைமைவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எனக்கு விளங்காதது இன்று ஓரளவு விளங்குகிறது. தமிழ்நாட்டில் வரதட்சணை எனப்படுவதும் எங்கள் கரையில் சீதனம் எனப்படுவதும் ஒன்றல்ல. வரதட்சணை மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தியாவில் 1961 இலேயே அதைத் தடைசெய்து சட்டம் வந்தது, பழக்கம் சாகவில்லை. தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் சொன்னது 1989 இல். அதுவும் அதற்குமுன் மணமான பெண்களை விலக்கிவிட்டது. இந்தியா முழுவதற்கும் அவ்வுரிமை வர 2005 ஆயிற்று. எங்கள் மூத்தக்கா 1978 இலேயே வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண், தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பொதுச்சட்டத்தின் கீழ் வருபவர்கள், அவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. கணவன் குடிகாரனாக இருந்தால் படலையைச் சாத்தும் உரிமை அவளுக்கு உண்டு. சாத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, என் பழைய கட்டுரையை இன்று எழுதுவதானால் பாதியை வைத்துக்கொள்வேன், பாதியைக் கிழித்துவிடுவேன். வீட்டோடு சேர்த்துக் கேட்கும் காசு, நகை, மோட்டார் சைக்கிள் ஆகியவை வெட்கக்கேடு என்பதில் மாற்றமில்லை. தம்பிமாரும் அண்ணன்மாரும் தலை நரைக்கும்வரை உழைத்துவிட்டுத்தான் தம் வாழ்வைத் தொடங்க வேண்டும் என்பதும் அநீதி. மூத்தவளுக்குப் பெருவீடு, கடைசிக்காரிக்கு எஞ்சியது என்ற கணக்கையும் நான் ஏற்கவில்லை. ஆனால் வீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஒன்றை எந்தச் சீர்திருத்தத்தின் பெயராலும் விட்டுவிடக் கூடாது.

இதனை எனக்குக் கற்பித்தது கடல். 2002 இல் போர்நிறுத்தம் வந்த ஆண்டு, வயலில் இரண்டு ஏக்கரை விற்றுத் தங்கச்சியின் கலியாணத்தை நடத்தினோம். அக்கரைப்பற்றுக் காக்கா தள்ளாத வயதில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவும் அவரும் அதிகம் பேசவில்லை. மறு ஆண்டு அப்பா காலமானார். அதற்கடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சின்னக்கா பிள்ளைகளோடு தப்பினாள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் எஞ்சின.

கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் சின்னக்காவின் பெயர் உள்நாட்டுக் குடியேற்றம் ஒன்றுக்கான பட்டியலில் ஏறிவிட்டது. அல்ல, தவறாகச் சொல்கிறேன். ஏறியது மச்சானின் பெயர். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பிய உத்தியோகத்தர் அக்காவிடம் கேட்கவே இல்லை. மச்சானின் அடையாள அட்டையைக் கேட்டார். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அவரும் எங்கள் கரையைச் சேர்ந்தவர், தன் மனைவியின் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோனவர்! அன்று நானும் அங்கே நின்றேன். உதவி கிடைத்தால் போதும் என்ற பதற்றத்தில் நானும் வாய் திறக்கவில்லை. நாற்பது ஐம்பது கட்டுரைகள் எழுதிய பத்திரிகையாளன் நான்.

அழிந்த வீடு அக்காவினுடையது. பதிலுக்குக் கிடைத்த வீடு மச்சானுடையது. ஒரு கட்டத்தை நிரப்பியதில் உரிமை கைமாறிவிட்டது. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையெங்கும் இதே முறைப்பாட்டைக் கேட்டேன்.

2016 இல் மச்சான் இறந்தார். அரச காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் எவரையும் அவர் குறிப்பிட்டிருக்கவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி விதவை வாழ்நாள் வரை அங்கு இருக்கலாம், பின்னுரித்தாளரை நியமிக்க முடியாது. அதன் அட்டவணை மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. பிரித்தானியர் காலத்துச் சட்டம், தாய்வழிக் கரையில். 2019 இல் மருமகளுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் நியாயமான கேள்வியொன்றைக் கேட்டார்கள்: "உறுதி எங்க?" பேச்சு மூன்று மாதம் நின்றுபோயிற்று.

கடைசியில் மூத்தக்கா வந்து, தன் வளவில் பத்துப் பேர்ச்சைத் தங்கை மகளுக்கு எழுதிக்கொடுத்தாள். எட்டு வயதில் நான் தயங்கி ஏறிய விறாந்தைக்கு நேர் எதிரேயுள்ள துண்டு. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அவர் 2011 இல் தங்கச்சி வீட்டுப் பக்க அறையில் காலமாகிவிட்டார். அண்ணன் மட்டும் கலியாணத்தன்று அந்த வளவைச் சுற்றி நடந்து, தான் கட்டிய சுவர்களைத் தட்டிப் பார்த்தான். "இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு" என்றான். காரைதீவில் அவன் மனைவியின் வீடு இப்போது அவன் மகளுடையது. அவனும் பின் அறைக்கு மாறிவிட்டான்.

2022 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள். கோப்புகள் சட்டத்தின் வேகத்தில் நகர்வதில்லை. சின்னக்கா இன்னும் அலைகிறாள். எஞ்சியிருப்பது படிவத்தில் உள்ள அந்தக் கட்டம். வெள்ளமோ புயலோ வந்து நிவாரணப் பட்டியல் தயாராகும்போது, அழிந்த வீட்டின் உறுதி யார் பெயரில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பெயரிலேயே புதிய வீட்டைக் கொடுங்கள். பெருந்தொகைப் பணம் தேவைப்படும் சீர்திருத்தமன்று இது. ஒரு கேள்வியை மாற்றுவதுதான். புலம்பெயர்ந்த உறவுகள் ஊரில் வீடு கட்டிக்கொடுக்கும்போதும் இதையே கேட்க வேண்டுகிறேன். கனடாவிலிருக்கும் என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான், அங்கே வீடு வங்கியின் பெயரில் இருக்கிறதாம்.

வரும் மாதம் சின்னக்காவின் மகனுக்குக் கலியாணம். பாண்டிருப்பில் பெண். தனக்கு வீட்டில் எந்த உரிமையும் வேண்டாம் என்று அவன் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதற்குச் சட்டப் பெறுமதி என்னவென்று நான் சொல்லவில்லை. அக்கா அதனைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில், அவனுக்குச் சில்லுப் பூட்டிய சூட்கேஸ் ஒன்று வாங்கியதாகச் சொன்னாள். நிறம் நீலமாம். குரல் சற்றுக் கம்மியிருந்தது.