இலவச ரோபோவும் 500 டாலர் ரோபோவும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், வாங்கிய ஒரு வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காசு கொடுக்காமல் ஆட நல்ல கேம் ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது. ஆனால் இலவசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்து கொண்டு உள்ளே போவது நல்லது. அதற்கு ஏற்ற பாடமாக எனக்குத் தோன்றுவது மெக்வாரியர் ஆன்லைன் என்ற ராட்சத ரோபோ கேம்.

கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள பிரான்ஹா கேம்ஸ் நிறுவனம் இதை 2013 செப்டம்பரில் முறைப்படி வெளியிட்டது. 2015 டிசம்பரில் ஸ்டீம் தளத்திலும் வந்தது. கதையின் மூலமோ இன்னும் பழையது. 1984ல் அமெரிக்காவில் வெளியான, மேசை மீது பொம்மைகளையும் தாயக்கட்டையையும் வைத்து ஆடும் பேட்டில்டெக் விளையாட்டில் இருந்து வந்த ரோபோக்கள் இவை. 20 டன்னில் இருந்து 100 டன் வரை எடை கொண்ட ஒரு இயந்திரத்துக்குள் நீங்கள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். உங்கள் பக்கம் 12 பேர், எதிரில் 12 பேர். வழக்கமான ஆட்டத்தில் ஒரே ஒரு உயிர்தான்.

டவுன்லோட் பல ஜி.பி. அளவு இருக்கும். உங்கள் இன்டர்நெட் திட்டத்தில் அளவுக் கட்டுப்பாடு உண்டா என்று பார்த்துவிட்டு, இரவில் ஓடவிட்டுத் தூங்கச் செல்லுங்கள்.

கவுன்டர் ஸ்டிரைக் போன்ற கேம்களில் பழகியவர்களுக்குத்தான் முதல் நாள் குழப்பம் அதிகம். இங்கே கால்கள் ஒரு பக்கம் நடக்கும், இடுப்புக்கு மேல் இன்னொரு பக்கம் திரும்பும். கீ போர்டில் ஏ, டி கீகள் கால்களைத் திருப்பும். மவுஸ் உடம்பைத் திருப்பும். எதிரியைப் பார்த்துக் கொண்டே பின்னால் உள்ள பாறையில் போய் முட்டி நிற்பது எல்லாருக்கும் நடக்கும். அகாடமி என்று ஒரு பயிற்சிப் பகுதி தந்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக் குதித்து நேராகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது சூடு. என் கருத்தில் இந்த கேமின் உயிரே இதுதான். பெரும்பாலான ஆயுதங்கள் சுடும் போது ரோபோவில் சூடு ஏறும். லேசர் வகைகளுக்குக் குண்டு தேவையில்லை. அதற்குப் பதில் சூடு அதிகம். எல்லை மீறினால் ரோபோ தானாகவே அணைந்து, எதிரி முன் பொம்மை போல நிற்கும். ப்ராசசர் அளவுக்கு மேல் சூடானால் நம் கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகிறதே, அதே கதை. ஹீட் சிங்க் என்ற பெயர் கூட இரண்டுக்கும் ஒன்றுதான்! எனவே ஆறு ஆயுதம் இருந்தாலும் ஆறையும் ஒரே பட்டனில் அழுத்தாமல், இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

கவசமும் அப்படித்தான், உடம்பு முழுவதற்கும் ஒரே கணக்கு கிடையாது. தலை, மார்பின் நடுப்பகுதி, இட வலப் பகுதிகள், கைகள், கால்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. நடு மார்பு உடைந்தால் ஆட்டம் முடிந்தது. வலப்பக்க மார்பு உடைந்தால் வலக்கையும் சேர்ந்து போய்விடும். முதுகில் கவசம் மிக மெல்லியது. அதனால் சுட்டு முடித்ததும் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, வரும் அடியை எல்லாப் பகுதிக்கும் பங்கு போட வேண்டும். நன்றாகக் குறி பார்ப்பவரை விட இதைக் கற்றவர்தான் ஆட்டத்தில் நீண்ட நேரம் நிற்கிறார்.

எதை ஓட்டுவது? மண்டை ஓடு முகத்துடன் நிற்கும் 100 டன் அட்லஸ் மீதுதான் புதியவர்களின் கண் போகும். அதன் வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். கூட்டம் முன்னே போய்விடும், நீங்கள் தனியே மாட்டிக் கொள்வீர்கள். 50 டன் ஹஞ்ச்பேக் போன்ற நடுத்தர எடையில் தொடங்குங்கள் என்பேன். வலத்தோளில் கூன் போல ஒரு பெரிய பீரங்கி இருக்கும். எதிரிகளும் அங்கேதான் குறி வைப்பார்கள். அந்த ஒரு தோளைக் காப்பாற்றப் பழகினாலே பாதி வித்தை வந்துவிடும்.

இனி பணம். கேமுக்குள் இரண்டு நாணயங்கள் உண்டு. ஆடினால் சேர்வது சி-பில். உண்மைப் பணம் கொடுத்து வாங்குவது எம்.சி. முதல் 25 ஆட்டங்களுக்குப் புதியவர்களுக்குக் கூடுதல் சி-பில் தருகிறார்கள். ஓட்டிப் பார்க்க இரவல் ரோபோக்களும் உண்டு. தோற்றாலும் கொஞ்சம் சி-பில் வரும், உடைந்த ரோபோவுக்குப் பழுதுபார்க்கும் செலவும் கிடையாது. எனவே அந்த 25 ஆட்டம் முடியும் வரை ஒரு ரூபாய் கூடச் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது முடியும் போது நடுத்தர ரோபோ ஒன்றைச் சொந்தமாக வாங்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கும். வாங்குவதற்கு முன் உங்களுக்கு எது பொருந்தும் என்றும் தெரிந்திருக்கும்.

பணம் கொடுத்தவரே ஜெயிப்பார் என்று சிலர் குறை சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஹீரோ வகை ரோபோக்கள் 30 சதவீதம் கூடுதல் சி-பில் சம்பாதித்துத் தரும், அவ்வளவுதான். முதுகைக் காட்டி நடப்பவரை அவை காப்பாற்றாது. என் கவலை வேறு. 2014ல் வந்த க்ளான் ரோபோ விற்பனையில், தங்க நிறம் பூசிய ரோபோ ஒன்றின் விலை 500 டாலர். அந்தப் பணத்தில் அன்று ஒரு புதுக் கம்ப்யூட்டரே வாங்கலாம்! வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். நீங்களும் நானும் இலவசமாக ஆடுவது அவர்கள் தயவில்தான் என்பதையும் மறுக்க முடியாது.

வாங்கிய ரோபோ நம் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இதே காலத்தில், 2012 டிசம்பரில் பொதுச் சோதனைக்கு வந்த ஹாக்கன் என்ற இன்னொரு இலவச ரோபோ கேம் நினைவிருக்கிறதா? பார்க்க இதை விட அழகு. 2018 ஜனவரி 2 அன்று அதன் பி.சி. சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். அதோடு, காசு கொடுத்துச் சேர்த்த ரோபோக்களும் போயின. அதே பிரான்ஹா நிறுவனம் 2019ல் விலைக்கு விற்ற மெக்வாரியர் 5 கேமைத் தனி ஆளாக ஆட அப்படிப்பட்ட ஆட்ட சர்வர் தேவையில்லை. பணம் செலவழித்தே தீருவேன் என்பவர்களுக்கு, அந்தப் பக்கம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

வீட்டில் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால், ஸ்டீம் கணக்கில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். ஏற்கனவே சேமித்திருந்தால், கணக்கு விவரங்கள் பக்கத்துக்குப் போய் இன்றே நீக்கிவிட்டு, அதன் பிறகு கேமை இன்ஸ்டால் செய்யுங்கள்.